மூணு பேருக்கு ஒரே ஸ்டேரிங்

பெஸ்தாரி ஜெயா, மலேசியா,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மருந்து பாதி, கிளினிக் நர்ஸ் போட்ட அதட்டல் பாதி. அக்கா பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. கையில் எது கிடைத்தாலும் கடிக்கிறான், உன் பழைய ஹெல்மெட் வாரைக்கூட விடவில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன தடவை நீ முக்கால் மணி நேரம் பேசினாய், நான் "ம்" மட்டும் போட்டேன். கோபத்தில் இருக்கிறவனிடம் எதிர்ப்பேச்சு பேசினால் சட்டென்று போனை வைத்துவிடுவான். கடிதத்தைத் தூக்கிப் போட்டாலும் ராத்திரி தூக்கம் வராதபோது எடுத்துப் படிப்பாய். எழுதி முடித்ததும் அக்கா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் அம்மா ஒரு தடவை படிப்பாள். அதனால் ஒன்றிரண்டு விஷயங்களை அப்பா சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

நீ சொன்னதில் இரண்டு வழக்கு இருக்கிறது. சம்பளம் இரண்டு மாதமாகத் தள்ளிப்போவது ஒன்று. "அந்த ஆளோட இனிமே ஒரே வண்டியில ஏறமாட்டேன், அடுத்த வருஷம் வேற டீம் பாத்துக்கறேன்" என்று உன்னோடு ஒரே பந்தய வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுகிற கூட்டாளியைப் பற்றிச் சொன்னாயே, அது இன்னொன்று. முதல் வழக்கில் நான் உன் பக்கம், அதைக் கடைசியில் எழுதுகிறேன். இரண்டாவதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நீங்கள் மூன்று பேர் ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டிய அந்தப் பந்தயம் முழுவதையும் பார்த்தோம் என்றால் பொய். 24 மணி நேரம் எவனால் முழித்திருக்க முடியும்? அங்கே மாலை நான்கு மணி என்றால் இங்கே இரவு பத்து. அக்காவின் லேப்டாப்பை டிவியில் மாட்டிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். மருமகன் ஒரு மணிக்கே சோபாவில் சாய்ந்துவிட்டார். "அவன் ஏறும்போது எழுப்புங்க" என்று அம்மா படுத்துவிட்டாள். எழுப்பினால் வந்து பத்து நிமிஷம் பார்ப்பாள், "அந்தப் பெரிய வண்டிங்க ஏன் எம்புள்ளையவே இடிக்க வருது?" என்பாள். அது வேறு கிளாஸ், உங்கள் ஜிடி வண்டியைவிட வேகம், வழி கேட்டுத்தான் விளக்கை அடிக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டும். "வழி கேக்கிறவன் இப்படியா கேப்பான்?" என்று முனகிக்கொண்டே திரும்பப் போய்ப் படுப்பாள்.

நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். லோரி ஓட்டிய காலத்துப் பழக்கம், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது சேர்ந்தது என்று எழுதாவிட்டால் கை அரிக்கும். உங்கள் மூன்று பேரில் யார் எப்போது ஏறினார், யார் எப்போது இறங்கினார், எத்தனையாவது இடத்தில் வண்டியை வாங்கினார், எத்தனையாவதில் கொடுத்தார் என்று எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டை வைத்துத்தான் சொல்கிறேன், இரவில் நீ ஓட்டியது அருமை. ஒரே டயரில் இரண்டு ஸ்டிண்ட், அதாவது பெட்ரோல் போட நிற்கும் வரை ஓடுகிற ஓட்டம் இரண்டு. முதல் மணி நேரத்துச் சுற்றுகளுக்கும் இரண்டாவது மணி நேரத்துச் சுற்றுகளுக்கும் ஒரு வினாடிகூட வித்தியாசம் விழவில்லை. தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு அப்படி ஓட்ட என்ன கை வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆறாவது இடத்தில் வாங்கிய வண்டியை மூன்றாவதுக்குக் கொண்டுவந்துவிட்டாய். மறுநாள் ஒட்டுக்கடையில் தே குடிக்கும்போது இதை நான் நாலு பேரிடம் சொன்னேன். அஜித் பந்தயம் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து நம் ஊரில் எண்டூரன்ஸ் என்கிற நீண்ட நேரப் பந்தயம் தெரியாத ஆள் இல்லை, அதனால் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. "தலயோட ஓட்டுவானா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் சிரித்து வைத்தேன்.

அப்புறம் விடியற்காலை. அங்கே ஐந்து மணி, இங்கே பகல் பதினொன்று. அம்மா சமையலறையில் இருந்தாள், நான் தனியாகத்தான் பார்த்தேன்.

உன் வண்டிக்குள் இருக்கும் கேமராவை அப்போது காட்டிக்கொண்டிருந்தார்கள். இறக்கம் முடிந்து இடதுபக்கம் திரும்புகிற அந்த நீள வளைவு. டயருக்கும் பெட்ரோலுக்கும் ஆள் மாற்றவும் நிறுத்துகிற பிட்டுக்கு நீ வருவதற்கு முந்தின சுற்றில் அங்கே வண்டியின் பின்பக்கம் ஆடியது. ஸ்டேரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து ஒரே மூச்சில் பிடித்துவிட்டாய். நல்ல பிடி. முன்னால் போன எவனோ தண்ணீரோ எண்ணெயோ சிந்தியிருக்க வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி எதுவும் அங்கே என் கண்ணில் படவில்லை. அடுத்த சுற்றில் அதே இடத்தில் நீ உள்பக்கம் ஒட்டிப் போனதைப் பார்த்தேன். வழுக்கும் என்று தெரிந்து போகிறவன் போகிற மாதிரி.

பிறகு பிட்டுக்கு வந்தாய். கதவு திறந்தது, வாரைக் கழற்றினாய், இறங்கினாய், உன் முதுகு மெத்தையை உருவி ஓரமாகப் போட்டாய். நீ சொல்கிற அந்த ஆள் ஏறி உட்கார்ந்தார். தோள் வாரை இழுத்துவிட்டாய், ரேடியோ ஒயரைச் சொருகினாய், தண்ணீர்க் குழாயை மாட்டினாய். எல்லாம் சரியாகத்தான் செய்தாய், ஒரு குறை இல்லை. கதவைச் சாத்தியதும் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேராஜுக்குள் போய்விட்டாய்.

அவர் மூன்றாவது சுற்றில் அதே வளைவில் சறுக்கினார். சுவரில் பின்பக்கம் மோதி, ரிப்பேர் பார்த்து வண்டி வெளியே வர நாற்பது நிமிஷம் ஆனது. மூன்றாவது இடம் பத்தாவதானது.

நம் செப்பாங் பந்தயத் தளத்தில் நீ வண்டியைக் கைமாற்றியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாரைக் கட்டி முடித்த பிறகு, அவர் ஹெல்மெட்டோடு உன் தலை முட்டுகிற அளவுக்குக் குனிந்து ஏதோ கத்தினாய். ராத்திரி சாப்பிடும்போது என்ன சொன்னாய் என்று கேட்டேன். "பதினாலாவது வளைவுல ரப்பர் தூள் நிறைய கெடக்குப்பா, உள்பக்கமே ஒட்டிப் போங்கன்னு சொன்னேன்" என்றாய். இந்தத் தடவை குனியவில்லை.

ரேடியோவில் இஞ்சினியரிடம் சொல்லி, அவர் அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு எல்லா ரேடியோவும் கேட்பதில்லை. சொல்லியிருந்தாய் என்றால் இந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிடு, நான் வருத்தப்படமாட்டேன். சொல்லவில்லை என்றால், "அந்த ஆள் சொதப்பிட்டான்" என்று நீ எனக்குச் சொன்ன கதையை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்.

நான் டாங்கர் லோரி ஓட்டிய காலம் உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். ஆலையிலிருந்து செம்பனை எண்ணெயைச் சூடாக ஏற்றி, ஈஜோக், காப்பார் வழியாக போர்ட் கிள்ளானுக்குக் கொண்டுபோவேன். ஒரு லோரிக்கு இரண்டு டிரைவர். பகலில் நான், இரவில் ஒரு மலாய்க்காரர். அவரை அபாங், அண்ணன் என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். மாதக்கணக்கில் இரண்டு பேரும் முகம் பார்த்து ஐந்து நிமிஷம் பேசியிருக்கமாட்டோம். நான் வருவதற்கு முன்னால் அவர் சாவியை ஆபீஸில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் வெயில் மறைக்கும் பலகையில் ஒரு துண்டுச் சீட்டு சொருகியிருக்கும், சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து எழுதியது. "பிரேக் அங்கின் லாம்பாட் நாயிக்" என்று ஒரு நாள், காற்று பிரேக் மெதுவாக ஏறுகிறதாம். காப்பார் பக்கம் சாலை தோண்டியிருக்கிறார்கள் என்று ஒரு நாள். நானும் எனக்குத் தெரிந்த மலாயில் எழுதிவைப்பேன்.

ஒரு நாள் சீட்டில், இடது பின்சக்கரத்தில் உள்பக்க டயரைப் பார் என்று இருந்தது. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. லோரிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். முழு லோடில் அது வெடித்திருந்தால், உள்ளே எண்ணெய் அலையடிக்கிற டாங்கியை எந்தக் கொம்பனாலும் சாலையில் நிறுத்தியிருக்க முடியாது. அபாங்குக்கும் எனக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அவர் பந்து விளையாட்டுப் பைத்தியம், எனக்கு அதில் ஒரு எழவும் புரியாது. அடுத்தவன் ஏறப்போகிற வண்டி என்று அவர் நினைத்தார், அவ்வளவுதான்.

உன் தொழிலிலும் இது புதுசு இல்லையே. 1952ல் பிரான்சில் நடக்கிற லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் பியேர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர் தன்னந்தனியாக 23 மணி நேரத்துக்குக் கிட்ட ஓட்டினார். துணை டிரைவர் பிட்டில் ஹெல்மெட்டோடு காத்துக்கொண்டிருந்தார், ஆனால் இவர் ஸ்டேரிங்கைக் கொடுக்கவே இல்லை. தன் கையில் இருந்தால்தான் வண்டி தாங்கும் என்று நினைத்தார் என்பார்கள். நாலு சுற்று முன்னணியில் இருந்தபோது, முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கையில் இன்ஜின் போய்விட்டது. மெர்சிடிஸ் ஜெயித்தது. இப்போது எந்த டிரைவரும் லே மான்ஸில் மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேலும், எந்த ஆறு மணி நேரத்திலும் நாலு மணிக்கு மேலும் ஓட்டக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். பிற்பாடு அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அம்மா படிப்பாள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

இன்னொன்று நம் ஆள் கதை. 2005ல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் வண்டியில் செப்பாங்குக்கு வந்தபோது, வெயிலில் மேட்டில் நின்று உனக்குக் காட்டினேன். அதே கார்த்திகேயன் 2009ல் லே மான்ஸுக்குப் போனார், ஆவ்டி ஆர்10 வண்டியில். டீசல் வண்டி! டீசல் வண்டி முதன்முதலில் லே மான்ஸை ஜெயித்ததே அந்த ஆர்10தான், 2006ல். லோரிக்காரனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும்? ஆனால் பந்தயம் தொடங்கும் முன்பே பிட் சுவரைத் தாண்டும்போது அவர் விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. ஏற முடியவில்லை. கூட்டாளிகள் இரண்டே பேர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும் ஆந்த்ரே லோட்டரரும், 24 மணி நேரத்தையும் பங்கு போட்டுக்கொண்டு ஏழாவதாக வந்தார்கள். லோட்டரருக்கு அதுதான் முதல் லே மான்ஸ். பிறகு அவர் 2011, 2012, 2014 என்று மூன்று தடவை ஜெயித்துவிட்டார். சுவரில் இருந்து விழுந்ததற்காக ஒரு கூட்டாளியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். திட்டிக்கொண்டே ஒருவர் 12 மணி நேரம் ஓட்ட முடியுமா என்று யோசித்துப் பார்.

டீம் மாறுவது பற்றி. 2016ல் டோயோட்டாவுக்கு நடந்ததை நாம் சேர்ந்துதான் பார்த்தோம். பந்தயம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது கசுக்கி நக்காஜிமா ரேடியோவில் "பவர் இல்லை" என்று கத்தினாரே. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே போகிற காற்றுக் குழாயின் இணைப்பு ஒன்று போய்விட்டதாம். போர்ஷே தாண்டிப் போனது. 23 மணி 57 நிமிஷம் மூன்று பேரும் ஓட்டியதற்குக் கணக்கில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, கடைசிச் சுற்று நேரத்துக்குள் முடியவில்லை என்று பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த வண்டியில் இருந்த செபாஸ்டியன் புயெமியும் நக்காஜிமாவும் அந்த டீமிலேயே இருந்தார்கள். 2018ல் அலோன்சோவும் சேர்ந்தார், ஜெயித்தார்கள். கடைசி ஸ்டிண்டை யாரிடம் கொடுத்தார்கள் என்று கவனித்தாயா? அதே நக்காஜிமாவிடம். அந்த வருஷம் நோன்புப் பெருநாள் ராயாவின் ரெண்டாம் நாள் அது. பக்கத்து வீட்டு ரெண்டாங் கறியைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். மூன்று மலேசியர்கள், ஜஸ்மான் ஜஃபார், வெய்ரோன் தான், நபில் ஜெஃப்ரி, எல்எம்பி2 என்ற பிரிவில் ஒரே வண்டியில் ஓடினார்கள். ஒரு மலாய்க்காரர் வண்டியைக் கொடுக்க, சீனர் வாங்க, "இதுல நம்மாளு ஒருத்தன் இருந்தா எப்படி இருக்கும்" என்று நீ சொன்னாய். அப்போது நீ இன்னும் டயர் தூக்கிக்கொண்டிருந்தாய்.

டயர் தூக்கியதையும் மறந்துவிடாதே. செப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தில், அந்தப் பழைய சாகா வண்டிக்கு, சம்பளமே இல்லாமல். 181 சுற்றும் நின்றுகொண்டே இருந்தாய். வண்டிக்குள் ஐம்பது பாகைக்கு மேல் கொதிக்கும், இறங்கி வருகிறவர்கள் தலையில் நீ ஐஸ் தண்ணீர் ஊற்றுவாய். அடுத்த வருஷம் அந்த டீம் டிரைவர்களில் ஒருவர், "இந்தப் பையன் நல்லா ஓட்டுவான், என் ஸ்டிண்ட்ல பாதிய அவனுக்குக் கொடுங்க" என்று சொன்னதால்தான் நீ முதன்முதலில் பந்தய வண்டியில் உட்கார்ந்தாய். தோட்டத்துப் பையனுக்கு கோகார்ட் பள்ளிக்கூடம் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. இன்னொருவர் தன் நேரத்தை உனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

இப்போது அந்த ஆளைப் பற்றிப் பேசுவோம். பணக்காரர், தன் காசில் ஓட்டுகிறார், புரோன்ஸ் (வெண்கலத் தர) டிரைவர், உன்னைவிட சுற்றுக்கு மூன்று நாலு வினாடி மெதுவு. எல்லாம் உண்மை. பிளாட்டினம், கோல்டு, சில்வர், புரோன்ஸ் என்று டிரைவர்களைத் தரம் பிரித்து, உங்கள் பிரிவில் ஒரு புரோன்ஸ் டிரைவர் இருந்தே ஆகவேண்டும், அவர் இத்தனை மணி நேரம் ஓட்டியே ஆகவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி இல்லாவிட்டால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் டயருக்கும் பெட்ரோலுக்கும் உன் சம்பளத்துக்கும் காசு எங்கிருந்து வரும்? வேறு டீமுக்குப் போனாலும் அங்கேயும் ஒரு புரோன்ஸ் டிரைவர் உட்கார்ந்திருப்பார், இவரைவிட மெதுவாகக்கூட இருக்கலாம். அவருக்குச் சொல்லிக்கொடுத்து வேகமாக்குவதும் உன் வேலைதான் என்று ஒப்பந்தத்திலேயே இருப்பதாக நீதான் சொன்னாய்.

அவரை நான் செப்பாங்கில் ஒரு நாள்தான் பார்த்தேன். அம்மா கட்டிக்கொடுத்த நாசி லெமாக் சோற்றை டூல் பெட்டி மேல் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். சம்பல் காரத்தில் மூக்கு ஒழுகியது, ஆனாலும் வைக்கவில்லை. என்னிடம், இரவு ஓட்டுவதுதான் எனக்கு பயம், என் கண் பழையது என்று சொன்னார், உன் மூலமாகத்தான். ஐம்பத்தைந்து வயது. பயந்துகொண்டே ஏறுகிறார், உன் வண்டிப் பதிவுகளை வீட்டில் வைத்துப் பார்த்துப் பழகுகிறார். காசு இருக்கிறவன் கடற்கரையில் படுத்துக் கிடக்கலாமே. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது, உன்னிடம் ஏன் மறைக்கவேண்டும்?

காசு போடுகிற முதலாளியே ஒதுங்கி நிற்கவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அஜித்தே சாட்சி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முன்னால், பயிற்சியில் அவர் வண்டி சுவரில் மோதியது. தன் பெயரில் உள்ள அணி, தன் வண்டி. இருந்தாலும் அந்த வண்டியை அவர் ஓட்டாமல் கூட்டாளிகளிடம் விட்டுவிட்டார். போர்ஷே 992 வண்டிகளின் பிரிவில் மூன்றாவதாக வந்தார்கள், கொடியைத் தூக்கிக்கொண்டு குதித்தாரே. உன் ஆள் அப்படி ஒதுங்கவேண்டும் என்று சொல்லவில்லை. விதி அவரை ஓட்டத்தான் சொல்கிறது. உன் பக்கம் என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்கச் சொல்கிறேன்.

பந்தயம் முடிந்து டீம் எல்லாம் சேர்ந்து சாப்பிடும்போது நீ இல்லை என்று சொன்னாய். 24 மணி நேரம் தூங்காமல் உனக்கு டயர் மாற்றிய பையன்கள் அங்கே இருந்திருப்பார்கள். நாற்பது நிமிஷத்தில் பின்பக்கத்தையே மாற்றி வண்டியை வெளியே அனுப்பினார்களே, அந்த வேலையைப் பற்றி நீ முக்கால் மணி நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்கு மோதலைவிட அதுதான் உறுத்துகிறது. நான் பிறந்த காலத்திலிருந்து பட்டறைக்காரர்கள் கையால்தான் சோறு சாப்பிட்டிருக்கிறேன். அந்தத் தலைமை மெக்கானிக் பிரெஞ்சுக்காரர் என்றாயே, அடுத்த தடவை அவரிடம் சொல்லிப் பார்: லே மான்ஸ் தொடங்கியது 1923ல். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 1917ல், உங்கள் ஊர்க்காரர் ஆன்றி ஃபோக்கோனியே எங்கள் ஊர் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார், அந்தப் பனை போட்ட சோற்றில் வளர்ந்தவன்தான் நான் என்று. பேச ஒரு சாக்கு கிடைக்கும்.

சரி, சம்பள வழக்கு. அதில் விட்டுக்கொடுக்காதே. இரண்டு மாதம் பாக்கி என்றால் அது பாக்கிதான், பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தாலும். ஆனால் அதை அந்த ஆளிடம் கேட்காதே, அவரும் காசு கட்டுகிறவர்தான். டீம் மேனேஜரிடம் ஈமெயிலில் கேள், வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்று பதில் வாங்கு. அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், அதற்கு முன்னால் முழுவதையும் அக்காவுக்கு அனுப்பு. இன்ஷூரன்ஸ் பக்கத்தைத் தனியாகக் காட்டு: அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யார் கட்டுவது, ஓட்ட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, வெளிநாட்டில் நடந்தால் வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது. இந்தக் கடைசி வரியை அம்மா படிக்கும்போது அக்கா விரலால் மறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

டீமை விட்டுப் போவதா இல்லையா என்பது உன் முடிவு. நீ பெரிய பிள்ளை, உன் தொழில். பாக்கி வரவில்லை என்று போனால் போ, நானே வாழ்த்தி அனுப்புவேன். அந்த ஆள் சறுக்கினார் என்று போகாதே. போவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டு, அந்த வளைவில் உனக்கும் வண்டி ஆடியதைச் சொல்லிவிடு. அவர் இந்நேரம், தான் மட்டும்தான் அங்கே சறுக்கினோம் என்று நினைத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரி உன் பதிவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தீபாவளிக்கு வருகிறாயா என்று அம்மா கேட்கிறாள். வரும் தேதியைச் சீக்கிரம் சொன்னால் மருமகன் ஏர்போர்ட்டுக்கு லீவு போடுவார். வரும்போது சாக்லேட் வேண்டாம், இங்கே உருகிப்போகிறது. அம்மாவுக்கு முழங்காலுக்குப் போடுகிற அந்த உறை, உன் டீம் பிசியோ வைத்திருப்பதாகச் சொன்னாயே, மீடியம் சைஸ், இரண்டு வாங்கி வா.

அன்புடன்,
அப்பா